பத்மினியோ அம்பாசடரோ ஹெரால்டோ: வாங்குமுன் போட வேண்டிய முழுக் கணக்கு

விற்பவர் சொல்லும் தொகையை மட்டும் வைத்துப் பழைய கார் ஒன்றை மலிவு என்றோ அதிகம் என்றோ சொல்லிவிட முடியாது. பிரேக் பிடித்து, விளக்கு எரிந்து, காகிதம் எல்லாம் உங்கள் பெயரில் வந்து, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நம்பிப் புறப்படும் நாள் வரை மொத்தம் எவ்வளவு போயிருக்கிறதோ, அதுதான் அந்த வண்டியின் விலை. ஒரு லட்சத்துச் சொச்சத்துக்கு வாங்கிய வண்டி எட்டு லட்சத்தைத் தாண்டுவதும், மூன்றரை லட்சத்துக்கு வாங்கிய அதே மாடல் ஐந்துக்குள் முடிந்துவிடுவதும் நடக்கிற கதைதான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதன்முறை வாங்குபவர், பாகம் எதுவும் குறையாத, ஓடுகிற, காகிதம் உயிரோடு இருக்கிற வண்டியை மட்டுமே வாங்க வேண்டும், விலை இரண்டு மடங்கு இருந்தாலும். அது ஏன் என்பது கணக்குப் போடும்போது தெரியும். தமிழ்நாட்டில் அதிகம் விலைக்கு வரும் மூன்று வண்டிகளை வைத்தே சொல்கிறேன்: பிரீமியர் பத்மினி, அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

முதல் படி: எந்த வண்டி என்று முடிவு செய்யுங்கள்

அழகு பிடித்திருக்கிறதா என்பதைப் போலவே, உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் இங்கே பெரிய கேள்வி.

பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100 டிலைட் 1964இல் வந்தது. அதே வண்டிதான் பிறகு பத்மினி என்ற பெயரில் 2000ஆம் ஆண்டை ஒட்டி உற்பத்தி நிற்கும்வரை ஓடியது. 1089 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். மும்பையில் 2023 வரை டாக்ஸியாக ஓடியதால் இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்கள் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. டிலைட் காலத்துக் கிரில், மீட்டர், எம்பளம் போன்றவைதான் சிரமம்.

அம்பாசடர் 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. மெக்கானிக்கல் சாமானுக்குப் பஞ்சமில்லை, வேலை தெரிந்தவர்களும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது இன்ஜின். 1489 சிசி பெட்ரோல், அதே அளவில் டீசல், 1990களில் வந்த இசுஸூ இன்ஜின்கள் என்று பல வகை உண்டு. போதாததற்கு, பெட்ரோலாகப் பிறந்து இடையில் டீசல் இன்ஜின் ஏறிய வண்டிகளும் ஏராளம். மார்க் 1, மார்க் 2 என்று பழசாகப் போகப் போகக் கிரில், டேஷ்போர்டு, விளக்கு எல்லாம் அரிதாகும். மார்க் 4 முதன்முறை வாங்குபவருக்கு நல்ல தேர்வு.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. சென்னையை ஒட்டிய பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் பத்தாண்டுகள் தயாரித்தது. 948 சிசி இன்ஜின். முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கித் திறக்கும். மற்ற இரண்டிலும் பாடியே சட்டமாகவும் வேலை செய்கிறது. ஹெரால்டுக்கு மட்டும் தனிச் சேஸிஸ் உண்டு, பாடியை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இதன் மூல வண்டியான இங்கிலாந்து டிரயம்ஃப் ஹெரால்டுக்கு அங்கே இன்றும் புதுச் சாமான் தயாராவதால் கூரியரில் வரவழைக்கலாம். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் வந்த வடிவம். அதன் பின்கதவும் கண்ணாடியும் இங்கிலாந்திலும் கிடைக்காது. நான்கு கதவு ஹெரால்டு வாங்குகிறீர்கள் என்றால் கதவு நான்கும், கண்ணாடி அத்தனையும் உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மோரிஸ் மைனர், ஆஸ்டின் மேல் ஆசை உள்ளவர்களும் உண்டு. மைனருக்குப் பாடித் தகடு இலங்கையிலேயே தயாராகி இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான காலமெல்லாம் உண்டு. சாமான் விஷயத்தில் அது அதிர்ஷ்டக்கார வண்டி. ஆனால் ஆர்.சி.யில் இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருந்தால் புதுப்பிக்கும் கட்டணமே வேறு. அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: வண்டியைப் பார்க்குமுன் காகிதத்தைப் பாருங்கள்

காகிதம் சரியில்லாத வண்டியை எந்தப் பட்டறையாலும் சரிசெய்ய முடியாது. அதனால் பெட்ரோல் வாசனையும் பெயின்ட் பளபளப்பும் மனதை மயக்குமுன் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்ஜின் மாறியிருந்தால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். சேஸிஸ் எண் இருக்கும் தகட்டைச் சுற்றி வெல்டிங் தெரிந்தால் விலை பேசாமலே கிளம்பிவிடலாம்.

அடுத்து, விற்பவர் யார். பழைய வண்டிகளில் பாதி தாத்தா பெயரிலோ காலமான அப்பா பெயரிலோ இருக்கும். அப்போது படிவம் 31 வழியாக முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அந்த வேலையை விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும். "நீங்க வாங்கிக்குங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பது போதாது. சாதாரணமாகக் கைமாறும் வண்டிக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்து வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றும், இங்கே சாலை வரியும் சேரும். வெளிமாநிலத்தில் மலிவாகக் கிடைத்த வண்டி, லாரி வாடகையும் வரியும் அலைச்சலும் கூடி உள்ளூர் விலையை எட்டிவிடுவது உண்டு.

கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகம் என்றால், அந்தப் பதிவு கணினியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் விவரம் வர வேண்டும். வராவிட்டால் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து ஏற்றும் வேலை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடக்க வேண்டும். பதிவேடு கிடைக்கும்வரை பெயர் மாற்றம் நகராது.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதி கார் என்றால் 80,000 ரூபாய். காலம் கடந்திருந்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். எட்டு வருடம் புதுப்பிக்காமல் கிடந்த வண்டிக்கு அந்தத் தாமதக் கட்டணம் மட்டுமே 48,000 ரூபாய் ஆகிவிடும். பசுமை வரி, பாக்கி வரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. இந்த மொத்தத்தையும் விலை பேசுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், விலையில் கழிக்கச் சொல்லலாம்.

50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் விண்டேஜ் பதிவு என்று தனி வழி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்தாண்டு செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கடற்கரைக்கும் போக ஆசைப்பட்டு வாங்குபவருக்கு, சாதாரணப் பதிவு உயிரோடு இருக்கும் வண்டிதான் பொருத்தம்.

மூன்றாம் படி: தகட்டைப் படியுங்கள்

பெரும் பணம் போவது இங்கேதான். இன்ஜின் வேலைக்கு எல்லை உண்டு. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), பிஸ்டன், பேரிங், வால்வு என்று லேத் பட்டறையில் பட்டியல் போட்டு முடித்துவிடலாம். துருவுக்கு அப்படி எல்லை கிடையாது. மேலே கொசு அளவு கொப்புளமாகத் தெரிவது, கிரைண்டர் வைத்ததும் உள்ளங்கை அளவு ஓட்டையாகத் திறக்கும்.

பார்க்கப் போகும்போது மெல்லிய காந்தம், டார்ச், பழைய ஸ்குரூடிரைவர், கீழே விரிக்க ஒரு சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி மட்கார்டு, கதவின் கீழ்ப்பகுதி, டிக்கியின் ஓரம் எல்லாம் மெல்ல ஓட்டுங்கள். எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே தகட்டுக்குமேல் பட்டி (பள்ளத்தை அடைக்கும் பூச்சு) கனமாக இருக்கிறது. புதுப் பெயின்ட் அடித்து விலைக்கு வரும் வண்டியில் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். மங்கிப்போன பழைய பெயின்டோடு நிற்கும் வண்டி எவ்வளவோ மேல். அதில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

பிறகு கீழே படுத்துப் பாருங்கள். பத்மினியிலும் அம்பாசடரிலும் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், புளோர், பின்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம், இவைதான் வண்டியின் எலும்பு. ஸ்குரூடிரைவரால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டாலோ முனை உள்ளே இறங்கினாலோ கணக்கில் பெரிய தொகை ஏறுகிறது. பேட்டரிக்கு அடியில், முன் கண்ணாடி பீடிங்கின் கீழ் ஓரத்தில், ஸ்டெப்னி குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும். மிதியடியைத் தூக்கிப் பார்க்காமல் வராதீர்கள். ஹெரால்டில் பாடியைவிடச் சேஸிஸ் முக்கியம். நடுச் சட்டத்திலிருந்து இருபுறமும் கைபோல் நீளும் தாங்கிகள் முதலில் அரிக்கும்.

கதவு சொல்லும் செய்தியையும் கேளுங்கள். கதவைப் பாதி திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். கதவு மட்டும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அது சின்ன வேலை. கீல் இறுக்கமாக இருந்தும், மூடும்போது கதவின் ஓரம் உடம்போடு இணையாக ஓடாமல் மேலே குறுகிக் கீழே விரிந்தால், வண்டியின் நடுப்பகுதியே தொய்ந்திருக்கலாம். நிமிர்த்தித் தகடு போட வேண்டிய வண்டி அது. முதல் வண்டியாக அதை எடுக்காதீர்கள்.

இரண்டு வண்டியில் எதை எடுப்பது என்று குழம்பினால், நல்ல தகடும் கெட்ட இன்ஜினும் உள்ளதை எடுங்கள். சத்தமில்லாமல் ஓடுகிற இன்ஜினும் அரித்த புளோரும் உள்ளதை விட்டுவிடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான்காம் படி: இன்ஜின், பிரேக், வயரிங்

இன்ஜினை முழுக்க ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை கார்புரேட்டர் சமாச்சாரம், பயப்பட வேண்டாம். நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப்போய் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருப்பது முக்கியம். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் இன்ஜின் இறக்கும் செலவை எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ரீபோர் செய்த இன்ஜின் என்றால் எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டது என்று கேளுங்கள். கடைசி அளவு வரை போயிருந்தால் அடுத்து சிலிண்டருக்குள் சிலீவ் என்ற புதுக் குழாய் இறக்குவதுதான்.

எரிபொருள் பற்றி இரண்டு விஷயம். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. வார்ப்பிரும்பு ஹெட் உள்ள பழைய அம்பாசடர், ஹெரால்டு இன்ஜின்களில் அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. எப்படியும் ஹெட்டைக் கழற்றுகிறீர்கள் என்றால் கடினமான வால்வு சீட் போட்டுவிடச் சொல்லுங்கள். பின்னால் இதற்கென்று தனியாக ஹெட்டைக் கழற்றினால் செலவு இரட்டிப்பு. இரண்டாவது, இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் மென்மையாக்கிக் கெடுக்கும், ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஹோஸ் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றுவது கட்டாயச் செலவு. வெடித்த ஹோஸிலிருந்து சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டி மிஞ்சாது.

பிரேக்கை விற்பவர் சொல்லை நம்பி விடாதீர்கள். பல வருடம் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டரும் நான்கு வீல் சிலிண்டரும் அரித்திருக்கும், ஹோஸ் உள்ளே உப்பியிருக்கும். இந்தத் தலைமுறை வண்டிகளில் பெரும்பாலும் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட். ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. எந்த நிலையில் வாங்கினாலும் பிரேக் முழுவதையும் புதுசாகச் செய்வதாகவே கணக்கில் போடுங்கள்.

டயர் புதுசுபோல் தெரிந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் வயதான டயரோடு நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. வயரிங்கில் கலர் கலராக டேப் ஒட்டியிருந்தால், ஒட்டுப்போடும் நினைப்பை விட்டுவிட்டு முழு வயரிங்கும் புதுசு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இல்லாததை எண்ணுங்கள்

"சின்னச் சின்ன சாமான்தான் சார், புதுப்பேட்டையில கிடைச்சிடும்" என்று விற்பவர் சொல்லும்போது பேனாவை எடுங்கள். கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவின் முக்கோணக் கண்ணாடி, வீல் கப், பம்பர், பம்பர் கொம்பு, பின்விளக்குக் கண்ணாடி, டேஷ்போர்டு மீட்டர், ஹார்ன் வளையம், பக்கவாட்டுக் குரோம் பட்டை, எம்பளம். இருப்பதை டிக் அடியுங்கள். இல்லாததற்கும் உடைந்ததற்கும் எதிரே தொகை எழுதுங்கள்.

சென்னையில் பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை, புதுசுக்கு ஜி.பி. ரோடு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1960களின் கிரில் போய்க் கேட்ட அன்றைக்கே கிடைக்காது. சொல்லி வைத்து, காத்திருந்து, கேட்ட விலை கொடுத்து வாங்குவதுதான் நடக்கும். குரோம் அரித்த பம்பரைத் திரும்ப பிளேட்டிங் செய்யலாம். ஆனால் அடியில் உள்ள குழிகளை அடைத்து, தேய்த்து, பிறகு ஏற்றினால்தான் நிற்கும். பாலிஷ் வேலைக்கே நல்ல கூலி ஆகும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் சாமானுக்குக் கடை விலையைப் பார்த்து மகிழ வேண்டாம். கூரியர், சுங்கவரி, ஜிஎஸ்டி மூன்றும் சேர்த்த பிறகு வருவதுதான் விலை. கனமான சாமான் என்றால் கூரியர் மட்டுமே சாமான் விலையை மிஞ்சலாம்.

வண்டியின் முடிவான விலையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது இந்தப் பட்டியல்தான். இன்ஜின் ஓடாத, ஆனால் எம்பளம் முதல் ஆஷ்டிரே வரை எல்லாம் இருக்கிற வண்டி கிடைத்தால், அனுபவம் உள்ளவருக்கு அது பொக்கிஷம் என்றே நினைக்கிறேன்.

ஆறாம் படி: இரண்டு வண்டியையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்

கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறைக்காக. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் கேட்டு அந்தந்த இடத்தில் உங்கள் எண்ணை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு பத்மினி, ஓடாதது, 1,20,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள் என்று வைப்போம். டிங்கரிங் 1,50,000. பெயின்ட் 1,00,000. இன்ஜினும் கியர்பாக்ஸும் 80,000. பிரேக், சஸ்பென்ஷன் 45,000. வயரிங், டைனமோ, செல்ஃப் 25,000. சீட், கதவு அட்டை, மேல்துணி, ரப்பர் பீடிங் 60,000. குரோம், இல்லாத சாமான்கள் 60,000. டயர், பேட்டரி 30,000. காகிதம் 25,000. கூட்டினால் 5,75,000. இதன்மேல் முப்பது சதவீதம் எதிர்பாராத செலவுக்கு என்று வையுங்கள், 1,72,500. வண்டி விலையையும் சேர்த்தால் 8,67,500.

பக்கத்து ஊரில் இன்னொரு பத்மினி, ஓடுகிறது, 3,50,000. பிரேக் 20,000. டயர், பேட்டரி 30,000. டியூனிங் 10,000. சில்லறை வேலை 25,000. காகிதம் 15,000. மொத்தம் ஒரு லட்சம், அதற்கு முப்பது சதவீதம் 30,000. ஆக 4,80,000.

மலிவு வண்டி 3,87,500 ரூபாய் அதிகம் கேட்கிறது, ஒன்றரை இரண்டு வருடக் காத்திருப்பையும் கேட்கிறது. முப்பது சதவீதம் அதிகமாகப் படலாம். பெயின்டை உரித்தபின் பட்டறையிலிருந்து வரும் முதல் போன் அழைப்பிலேயே அதில் பாதி போய்விடும்.

இந்தக் கணக்கில் வராத இரண்டு உண்டு. ஒன்று இடம். பிரித்த கார் இரண்டு காருக்கான இடத்தை அடைக்கும். வீட்டில் கூரையுள்ள இடம் இல்லையென்றால் ஷெட் வாடகையை மாதக் கணக்கில் சேருங்கள். மற்றொன்று கடன். இந்த வயது வண்டிக்குக் கார் லோன் கிடைப்பது அரிது. தனிநபர் கடன் எடுத்தால் அதன் வட்டியும் வண்டி விலைதான். விற்கும்போது போட்டதெல்லாம் திரும்பும் என்று யாராவது சொன்னால் அதை வைத்துக் கடன் வாங்காதீர்கள். போட்ட பணம் போனது என்று வைத்துக்கொண்டு, அப்போதும் இந்த வண்டி வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

ஏழாம் படி: பட்டறையோடு பேசும் முறை

எந்தப் பட்டறை என்பதை, அவர்கள் முடித்துக் கொடுத்து மூன்று நான்கு வருடம் ஆன வண்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். போன வாரம் முடித்தது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மழைக்காலம் சில பார்த்த பிறகும் கதவின் கீழ் ஓரம் உப்பாமல் இருந்தால் அது நல்ல கை.

மொத்தமாக ஒரு தொகை பேசி முன்பணமாகப் பாதியைக் கொடுத்துவிடும் வழக்கம் வேண்டாம். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: பிரித்துப் பெயின்டை உரிப்பது, தகட்டு வேலை, பிரைமர், பெயின்ட், திரும்பக் கோப்பது. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் நேரில் பார்த்துப் பணம் கொடுங்கள். உரித்த பிறகு கட்டாயம் போய்ப் பாருங்கள், மீதிக் கணக்கை அன்றைக்குத்தான் உறுதியாகப் போட முடியும். அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும், மேலே தகடு மூடி ஒட்டக் கூடாது, பட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குமேல் போகக் கூடாது என்பதை எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்மினி, அம்பாசடரில் கீழ்ப்பெட்டியை வெட்டும்போது கதவுகள் மாட்டியபடியே இருக்க வேண்டும், உள்ளே குறுக்குக் கம்பி வைத்துப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும். பிறகு கதவு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. இதைக் கேட்டதும் டிங்கர் தலையசைத்து "அது தெரியாதா" என்றால் நல்ல ஆள் கிடைத்துவிட்டார் என்று பொருள்.

உரித்த வெறுந்தகடு கடற்கரை ஊர்க் காற்றில் ஓரிரு நாளிலேயே சிவக்கும். அன்றன்றைக்கே எபாக்சி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கட்டத்தைத் தொடவே வேண்டாம். தை பிறந்தபின் தொடங்கினால் கோடைக்குள் பெயின்ட் முடியும்.

பிரிக்கும்போது நீங்களும் உடன் இருங்கள். ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுங்கள், போல்டுகளை அந்தந்தப் பாகத்தின் பெயர் எழுதிய பையில் போடுங்கள், குரோம் சாமானையும் மீட்டரையும் எம்பளத்தையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். பட்டறையில் தொலையும் ஒரு திருகுக்காக இரண்டு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பணம் பாதியில் தீர்ந்துபோகும் என்ற பயம் இருந்தால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பிரேக், ஹோஸ், டயர், வயரிங். அடுத்து இன்ஜின். தகட்டில் எலும்புப் பகுதி மட்டும். பெயின்ட்டும் சீட்டும் கடைசி. அப்படிச் செய்தால் எந்தக் கட்டத்தில் பணம் நின்றாலும் வீட்டில் ஓடுகிற வண்டி ஒன்று இருக்கும்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்தபின் ஆண்டுச் செலவு

இன்சூரன்ஸ் எடுக்கும்போது மூன்றாம் நபர் பாலிசியோடு நிறுத்தாமல், வண்டிக்கும் சேர்த்து எடுக்க முயலுங்கள். ஐந்து வயது தாண்டிய வண்டியின் மதிப்பு, நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வது. செலவு செய்த பில்களும் போட்டோக்களும் அப்போது உதவும். அதனால் ஒரு பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.

வண்டி நிற்கக் கூடாது. வாரம் ஒருமுறை இன்ஜின் முழுச் சூடு ஏறும்வரை, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். எத்தனால் பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்க்கில் வைக்காதீர்கள். ஷெட்டில் எலி வராமல் பாருங்கள், புது வயரிங்கை ஒரே இரவில் கடித்துவிடும். கிரீஸ் நிப்பிள்களுக்குக் காலாகாலத்தில் கிரீஸ் அடியுங்கள். ஹெரால்டு வைத்திருப்பவர் முன்சக்கரம் திரும்பும் அடிமூட்டான டிரன்னியனுக்கு மட்டும் கிரீஸ் அடிக்காமல், கியர் ஆயில் விடச் சொல்லி மெக்கானிக்கிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே காய்ந்துபோனால் ஓடும்போதே சக்கரம் மடங்கும்.

இன்ஜின் வேலை முடிந்து வந்த வண்டியை முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம், ஏற்றத்தில் திணற விடவும் வேண்டாம். 500 ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்டுகளைச் சரியான அளவுக்கு மறுபடி முடுக்கி, டேப்பட் (வால்வு) இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலையைப் பட்டறைக் கூலிக்குள்ளேயே அடக்கிப் பேசிவிடுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அது முடியும்வரை கையில் வைத்திருங்கள்.